கிருமியைக் கொல்லாமல் பல்லை மட்டும் பிடுங்கினால் போதாதா?

வாசகர் கேள்வி (பிப்ரவரி 4)

ஆன்டிபயாடிக் கொடுக்கக் கொடுக்க கிருமி பழகிக்கொள்கிறது என்கிறார்கள். பாம்பை அடிக்காமல் பல்லைப் பிடுங்குவதுபோல, நோய் உண்டாக்க அது பயன்படுத்தும் என்சைமை மட்டும் அடக்கினால் என்ன? கிருமி உயிரோடு கிடக்கட்டும், நமக்குத் தொல்லை இருக்காது. அதற்கும் பழகிக்கொள்ள வேண்டிய அவசியம் வராது. இதை ஏன் யாரும் யோசிக்கவில்லை?

பிப்ரவரி 4, இரவு 10.20

யோசித்தாயிற்று. மாத்திரையாகவே வந்தாயிற்று. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தின் பெயர் அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம், கடைப் பெயர் லித்தோஸ்டாட். அடக்குவது யூரியேஸ் என்கிற என்சைமை.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் கண்ணைக் கரிக்கும் நெடி இருக்கிறதே, அது யூரியேஸின் கைவேலை. சிறுநீர் வெளியே வரும்போது அந்த நெடி கிடையாது. கிருமிகள் அதிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிய பிறகுதான் மூக்கைப் பொத்துகிறோம். இதே வேலை சிறுநீர்ப் பைக்குள்ளேயே நடந்தால் என்ன ஆகும்? பி.எச். (எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்ற அளவு) ஏறும். 7.2-ஐத் தாண்டினால் மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து கல்லாக இறுகும். ஸ்ட்ரூவைட் கல். சும்மா ஒரு கடுகு, மிளகு அளவில் நிற்காது. சிறுநீரகத்தின் உள்ளறைகளை அச்சில் வார்த்ததுபோல நிரப்பி, மான்கொம்பு மாதிரி கிளை விடும்.

இதில் பேர்போன ஆள் புரோட்டியஸ் மிராபிலிஸ். சிறுநீர்த் தொற்றில் அதிகம் பார்க்கும் ஈ.கோலைக்குப் பொதுவாக யூரியேஸ் இல்லை.

மனித உடம்பு இந்த என்சைமைச் செய்வதே இல்லை. ஆக, இதை அடக்கும் மருந்து நம்மை ஒன்றும் செய்யாது. உங்கள் யோசனை அப்படியே நடந்திருக்கிறது.

(நான் லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் என் பேச்சைக் கேட்டு எதையும் விழுங்க வேண்டாம்.)

பிப்ரவரி 4, இரவு 11.35

தூக்கம் வரவில்லை. எப்படி அடக்குகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

யூரியேஸின் நடுவில் இரண்டு நிக்கல் அயனிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யூரியா அங்கே வந்து மாட்டி, தண்ணீரால் வெட்டுப்படுகிறது. தானாக உடைவதைவிட ஏறத்தாழ பத்தின் பதினான்காம் அடுக்கு மடங்கு வேகம். ஹைட்ராக்சாமிக் அமிலம் பார்வைக்கு யூரியாவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. அதே இடத்தில் வந்து இரண்டு நிக்கலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், வெட்டுப்படாது, எளிதில் எழுந்திருக்கவும் செய்யாது. இந்த அமிலங்கள் யூரியேஸை அடக்கும் என்று 1962-ல் ஜப்பானில் கோபாஷி குழுவினர் காட்டினார்கள். நிக்கல் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அதை ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1975-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு கதை. உலகத்திலேயே முதலில் படிகமாகப் பிடிபட்ட என்சைம் இதுதான். 1926, கார்னெல் பல்கலைக்கழகம், ஜேம்ஸ் சம்னர். பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு இடது கையை இழந்தவர். எழுதும் கையே அதுதான். ஒற்றைக் கையோடு ஒன்பது வருஷம் மல்லுக்கட்டி, என்சைம் என்பது புரதம் என்று சொன்னார். ஜெர்மனியின் பெரிய தலைகள் நம்பவில்லை. 1946-ல் நோபல். யூரியேஸ் எடுத்தது எதிலிருந்து தெரியுமா? நம்ம தம்பட்டங்காயிலிருந்து!

வேப்பெண்ணெய் பூசிய யூரியா உரத்திலும் இதே வித்தைதான். மண்ணில் யூரியேஸை அடக்கி உரம் வீணாகாமல் காக்கிறது.

பிப்ரவரி 5, காலை 7.10

தம்பட்டங்காய் இல்லை என்று இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். சம்னர் எடுத்தது ஜாக் பீன், வெள்ளை விதை. தம்பட்டங்காய் அதன் கூடப்பிறந்தது, அதே பேரினம், வேறு இனம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஊர்ப்பாசம் வந்துவிட்டது.

பிப்ரவரி 5, மாலை 6.45

அடுத்த அடி உரக்கடை அண்ணனிடமிருந்து. அவர் சொல்வது சரி. வேம்பு முக்கியமாகத் தடுப்பது யூரியேஸை இல்லை, அதற்கு அடுத்த படியை. யூரியா அம்மோனியா ஆன பிறகு, அதை நைட்ரேட்டாக மாற்றும் மண் கிருமிகளின் வேலையைத்தான் அது மந்தமாக்குகிறது. 2015 முதல் இந்தியாவில் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தொழிற்சாலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போகாமல் தடுப்பது இன்னொரு காரணம்.

நிஜமான யூரியேஸ் தடுப்பான் உரம் வேறு. அதில் சேர்ப்பது என்.பி.பி.டி. என்கிற ரசாயனம், வெளிநாட்டு வயல்களில் நிறையப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், நோயாளிக்கென்று செய்த தடுப்பான் மூலையில் கிடக்கிறது (ஏன் என்று பிறகு சொல்கிறேன்), சோளக்கொல்லைக்கென்று செய்த தடுப்பான் மூட்டை மூட்டையாக விற்கிறது. மண்ணுக்குத் தலைவலி வராதே!

அண்ணே, நன்றி. இனி உரம் பற்றிப் பேசினால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான்.

பிப்ரவரி 7, இரவு 9.50

"உங்களுக்கு ஏன் இந்த ஒரு என்சைம் மேல் இவ்வளவு அக்கறை" என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பதினோரு மாதத்தில் மூன்று தடவை சிறுநீர்த் தொற்று. மூன்று தடவையும் நான்தான் டப்பாவை வாங்கிக்கொண்டு போய், நான் வேலை பார்க்கும் லேபில், என் கையாலேயே பார்த்தேன். முதல் தடவை ஸ்ட்ரிப்பில் பி.எச். 8. அடுத்த இரண்டு தடவையும் 8.5.

சாதாரணமாக 6 பக்கம் இருக்க வேண்டியது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: சிறுநீரை எடுத்து இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்தால், விழுந்த கிருமி யூரியாவை உடைத்து பி.எச். தானாக ஏறிவிடும். அதனால் 8.5 பார்த்தாலே கை பழக்கத்தில் "பழைய சாம்பிள்" என்று மனசுக்குள் எழுதிக்கொள்வோம். அம்மா விடியற்காலை பிடித்து வைப்பாள், நான் எட்டரைக்குப் போவேன், பார்க்கப் பத்தாகும். பழைய சாம்பிள்தானே? அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது தடவை மைக்ராஸ்கோப்பில் ட்ரிபிள் பாஸ்பேட் படிகம், அதாவது அதே ஸ்ட்ரூவைட். பார்த்தவர்களுக்குத் தெரியும், சவப்பெட்டி மூடி மாதிரியே இருக்கும், பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்லும். அதையும் "வைத்திருந்ததால் வந்தது" என்று தள்ளினேன். வைத்திருந்தாலும் வரும் என்பது உண்மைதான், அதுதான் வினை.

ஆக, வெளியே டப்பாவில் நடப்பதாக நான் நினைத்த அதே ரசாயனம், அதே என்சைம், உள்ளே நடந்துகொண்டிருந்தது.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் முழுக்கக் கல். 4.6 சென்டிமீட்டர். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பிளேட்டை மறுநாள் காலை திறந்தபோது பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. குளத்தில் கல் போட்டதுபோல வளையம் வளையமாக பிளேட் முழுக்கப் பரவியிருந்தது, மேலே அந்த வாடை. புரோட்டியஸ். யூரியா சாய்வில் (யூரியேஸ் இருந்தால் நிறம் மாறும் சோதனைக் குழாய்) போட்டேன், மத்தியானத்துக்குள் ரோஸ் நிறம். எத்தனையோ பேர் சாம்பிளில் பார்த்த ரோஸ்தான்.

யார் மேலும் குறை சொல்ல வழியில்லை. சாம்பிளை வாங்கினதும் நான், பார்த்ததும் நான், கையெழுத்துப் போட்டதும் நான்.

பிப்ரவரி 7, இரவு 10.05

ஆறுதல் சொன்னவர்களுக்கு: அம்மா நன்றாக இருக்கிறாள். முதுகில் துளை போட்டு இரண்டு தவணையாகக் கல்லை எடுத்தார்கள். இப்போது டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை.

பிப்ரவரி 9, மாலை 5.30

முதல் குறிப்பில் "நம்மை ஒன்றும் செய்யாது" என்று எழுதினேன். அதை அடித்துவிடுங்கள். நான் அதில் செய்த தப்பு, இந்தத் துறையில் பெரிய பெரிய ஆட்களும் செய்த தப்பு.

நம் உடம்பில் யூரியேஸ் இல்லை என்பது நிஜம். அதனால் மருந்துக்கு நம் உடம்பில் வேலை இல்லை என்றாகுமா? ஹைட்ராக்சாமிக் அமிலத்துக்கு உலோகத்தைப் பிடிப்பதுதான் பிறவிக்குணம். அங்கே நிக்கலைப் பிடித்த கை இங்கே இரும்பையும் பிடிக்கும். ரத்த சோகை வருகிறது, சிவப்பணு உடைகிறது, தலைவலி, வாந்தி. மது குடித்தால் தோல் சிவந்து தடிப்பு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

1984-ல் வந்த ஒரு சோதனை, 37 நோயாளிகள், யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 19 பேரில் 7 பேருக்குக் கல் இரட்டிப்பானது. மருந்து சாப்பிட்ட 18 பேரில் ஒருவருக்குக்கூட ஆகவில்லை. இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் அடுத்த பத்தி: கை நடுக்கம், சிலருக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைதல். உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மாத்திரை வேலை செய்ய வேண்டிய இடம் சிறுநீர். அங்கே போய்ச் சேர சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்ட வேண்டும். மான்கொம்புக் கல் உள்ளவருக்கு வடிகட்டும் சக்தியே பாதி போயிருக்கும். மருந்து சிறுநீருக்குப் போகாமல் ரத்தத்தில் தேங்கும். சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 2.5-க்கு மேல் இருந்தால் கொடுக்கவே கூடாது. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

அம்மாவின் டாக்டரிடம் கேட்டேன். "பரீட்சைக்குப் படிச்சிருக்கேம்மா, இதுவரைக்கும் எழுதினதில்லை" என்று சிரித்தார். கல்லைத் துளி விடாமல் எடுப்பதுதான் வைத்தியம், துணுக்கு மிச்சமிருந்தால் அதற்குள்ளேயே கிருமி குடியிருக்கும், ஆன்டிபயாடிக் அந்தச் சுவருக்குள் நுழையாது என்றார்.

பிப்ரவரி 10, மதியம்

சமையலறையில் செய்து பார்த்தேன். பச்சை சோயா பீன்ஸில் யூரியேஸ் ஏராளம் (கோழித்தீவனக்காரர்கள் சோயா சரியாக வெந்ததா என்று பார்ப்பதே இதை வைத்துத்தான்). செடிக்கு வாங்கிய யூரியாவில் ஒரு சிட்டிகை.

நான்கு பழைய டம்ளர் (சாப்பாட்டுக்குத் திரும்பாதவை), எல்லாவற்றிலும் யூரியா தண்ணீர். ஒன்றில் வேறெதுவும் இல்லை. ஒன்றில் பச்சை சோயா அரைத்தது. ஒன்றில் நன்றாக வேகவைத்து அரைத்தது. கடைசியில் பச்சை சோயாவோடு ஒரு சிட்டிகை மயில்துத்தம் (செம்பு உப்பு, காப்பர் சல்பேட்). ஒவ்வொன்றின் வாயிலும் மஞ்சள் தடவிய ஈரக் காகிதம். அம்மோனியா பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மாதிரி.

இருபத்தைந்து நிமிஷத்தில் பச்சை சோயா டம்ளரின் காகிதம் செக்கச்செவேல். வெறும் யூரியா மஞ்சள். வெந்த சோயா மஞ்சள். மயில்துத்தமும் மஞ்சள்!

செம்பு யூரியேஸை அடக்கும் என்று படித்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்டலுக்கு ஊறப்போட்டதையா அரைச்ச?" என்றாள்.

பிப்ரவரி 11, காலை 6.20

மயில்துத்தம் டம்ளர் செல்லாது.

பல் விளக்கும்போது உறைத்தது. மயில்துத்தம் அம்மோனியாவையே விழுங்கும். பள்ளிக்கூடத்தில் பார்த்த ஆழ்ந்த நீலம் ஞாபகமிருக்கிறதா? அதுதான். ஆக, என்சைம் ஓடியிருந்தாலும் காகிதம் சிவந்திருக்காது. லேபில் போய் சோயாவே இல்லாமல், மயில்துத்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு அம்மோனியா விட்டு மேலே காகிதம் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

பிப்ரவரி 11, மதியம் 1.15

பார்த்தேன். மஞ்சளாகவேதான் இருக்கிறது. என் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. செம்பு யூரியேஸை அடக்கும் என்பது வேறு இடங்களில் ஒழுங்காகக் காட்டப்பட்டதுதான், ஆனால் என் டம்ளர் அதற்குச் சாட்சி இல்லை. வெந்த சோயா டம்ளர் மட்டும் தேறும்.

"இயற்கைச் சாற்றில் யூரியேஸ் தடுப்பான் கண்டோம்" என்று வரும் அறிக்கைகளை இனி நானும் இப்படித்தான் படிப்பேன். சாறு என்சைமை அடக்கியதா, இல்லை அம்மோனியாவை அளக்கும் நிறத்தைக் கெடுத்ததா?

பிப்ரவரி 13, இரவு 9.15

முதல் கேள்வியில் ஒரு வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை: பழகிக்கொள்ள அவசியம் வராது என்பது.

நானும் அதை நம்பித்தான் இங்கே வந்தேன். கொல்லாவிட்டால் தப்பிப் பிழைத்தவன் என்று ஒருவன் உருவாக மாட்டான், சரிதானே? ஆனால் எது ஆயுதம், எது சோறு என்று பிரிக்க முடிந்தால்தானே இந்தக் கணக்கு?

ஹெலிகோபாக்டர் பைலோரியை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் புண் கிருமி. 1984-ல் பெர்த்தில் பாரி மார்ஷல் அதன் கல்ச்சரைத் தானே குடித்து வயிற்றழற்சி வரவழைத்துக்கொண்டார், 2005-ல் நோபல். அந்தக் கிருமியின் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை யூரியேஸ்தான். வயிற்று அமிலத்துக்கு நடுவே தன்னைச் சுற்றி அம்மோனியாவால் குடை பிடிக்கிறது. அங்கே யூரியேஸை அடக்குவது பல்லைப் பிடுங்குவது இல்லை, மழையில் குடையைப் பிடுங்குவது. கிருமி செத்தே போகும். சாகும் என்றால் தப்பிப்பவனும் வருவான். பழைய கதைதான்.

புரோட்டியஸுக்கு அவ்வளவு இல்லை, யூரியேஸ் இல்லாமலும் பிளேட்டில் ஜோராக வளரும். ஆனால் எலிகளில் யூரியேஸ் மரபணு கெட்ட புரோட்டியஸைச் செலுத்திப் பார்த்தபோது, கல் வராதது மட்டுமில்லை, தொற்றே சரியாகப் பிடிக்கவில்லை. அப்போது அங்கேயும் அது வெறும் ஆயுதம் இல்லை.

எனவே "எதிர்ப்பு வரவே வராது" என்று சொல்ல மாட்டேன். "மெதுவாக வரலாம், இடத்தைப் பொறுத்து" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சூடோமோனாஸ் என்று இன்னொரு கிருமி. அவை தங்களுக்குள் பேசும் சமிக்ஞையைக் கலைக்கும் ஃபியூரனோன் என்கிற ரசாயனத்துக்கே எதிர்ப்பு வந்திருக்கிறது. மருந்தை வெளியே தள்ளும் பம்பைக் கூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கு நாம் கொல்ல வந்தோமா, கட்டிப்போட வந்தோமா என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது.

பிப்ரவரி 16

வேறு என்சைம் எதுவும் முயலவில்லையா என்று கேட்டவருக்கு, சுருக்கமாக: ஈறு நோய்க் கிருமி போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் ஜின்ஜிபெயின் என்று புரதம் வெட்டும் என்சைம்களை விடுகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அதைப் பார்த்ததாக 2019-ல் ஒரு கட்டுரை வந்து உலகமே பேசியது. அடக்கும் மாத்திரையை 643 பேரிடம் சோதித்தார்கள். 2021-ல் முடிவு: ஞாபகசக்தியிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் மொத்தத்தில் பலன் இல்லை. போதாததற்குக் கல்லீரல் என்சைம் ஏறியது. அமெரிக்க மருந்து ஆணையம் நிறுத்தி வைத்தது. இங்கேயும் மனித உடம்பில் இல்லாத என்சைம்தான் குறி, அடி விழுந்தது கல்லீரலில்.

பிப்ரவரி 20, இரவு

வாழைத்தண்டு, சிறுபீளை, மூக்கிரட்டை, பீர். பதினேழு பேர் எழுதியிருக்கிறீர்கள். பீர் எழுதியவர்கள் ஒன்பது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "கல்" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உள்ளே வேறு வேறு சாமான். பெரும்பாலோருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட். பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழைத்தண்டு குடித்துக் கல் வெளியேறியது என்றால், அது அந்தச் சின்னக் கல்லாக இருக்கும், தண்ணீரும் நிறையக் குடித்திருப்பார். எங்கள் அம்மாவுடையது கிருமி கட்டிய கல். கிருமி இருக்கிறவரைக்கும் கொத்தனார் வேலைக்கு வந்துகொண்டே இருப்பார்.

எடுத்த கல்லை வீசாமல் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். ஸ்ட்ரூவைட் என்று வந்தால் கதை வேறு. (இந்தப் பெயர் ஒரு மனிதருடையது, ஃபோன் ஸ்ட்ரூவே. 1845-ல் ஹாம்பர்க்கில் பழைய சாண மண்ணில் கிடைத்த படிகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சாணக்குழியில் பிறந்தது அம்மாவின் சிறுநீரகத்தில் வந்து உட்கார்ந்தது.)

பிப்ரவரி 21

ஒரு தம்பி தனிச் செய்தியில் கேட்டார், அவர் அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டு அது வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்கிறதாம். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே: தம்பி, அடைத்த குழாயைக் கழற்றும்போது நுனியில் மணல் மாதிரி நெருநெருவென்று இருக்கிறதா என்று நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அநேகமாக இதே புரோட்டியஸ், இதே படிகம். டாக்டரிடம் அந்த வார்த்தையோடு கேளுங்கள், குழாயை மாற்றுவதோடு விட வேண்டாம். செயற்கைச் சிறுநீர்ப் பை வைத்த ஆய்வக மாதிரிகளில் யூரியேஸ் தடுப்பான் இந்த அடைப்பைத் தள்ளிப்போட்டது. எனக்கு ஏதாவது நம்பிக்கை மிச்சமிருந்தால் அது இங்கேதான். மருந்து உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை, குழாய்க்குள் இருந்தால் போதும்.

மார்ச் 2, காலை 8.40

லேபில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பி.எச். 8-க்கு மேல் வந்தால் சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டு எழுதாமல் ரிப்போர்ட் வெளியே போகாது. சந்தேகம் இருந்தால் அங்கேயே புதிதாகப் பிடித்துத் தரச் சொல்கிறோம். கூட்டமான நாளில் கூட வேலை செய்கிற பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். போன வாரம் அப்படிக் கேட்டதில் ஒருவருக்குப் புதுச் சாம்பிளிலும் 8.5. டாக்டருக்கு போன் செய்தேன். ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார்.

அம்மாவுக்கு வீட்டிலேயே ஸ்ட்ரிப் வைத்திருக்கிறேன். பிடித்த கையோடு பார்ப்பது. இன்று காலை 6.

"என்னடி கலர்?" என்று குளியலறை வாசலிலிருந்து கேட்டாள். சொன்னேன். "அப்ப அந்த சோயாவுக்குப் பதிலா கொண்டைக்கடலை வாங்கிப் போடு" என்றாள்.